முனிரத்தினம் தவறவிட்ட திருப்பங்கள்

வழிகாட்டிப் புத்தகம் எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் பதிப்பாசிரியர் அம்மா போனில் கேட்டார். அவர் என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் போன் வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து நின்றுதான் பேசுகிறேன். வேலையை விட்டு விலகிவிட்டேன். அந்தப் பயம் மட்டும் பென்ஷன் மாதிரி தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஜி.பி.எஸ்ஸை எப்படிப் பிடிப்பது, தூரத்தை எப்படிப் போடுவது, லாட்ஜ்காரர் வெந்நீர் வரும் என்று சொன்னால் எந்த அளவுக்கு நம்புவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. சித்தூர், திருப்பதி பக்கத்து நடைவழிகளைப் பற்றி நான் எழுதிய புத்தகம் உங்கள் மேசையில் இருக்கும். தனியாக ஊர் சுற்ற வருகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்துவிடுகிறார்கள். வழி சொல்லியிருக்கும் விதம் அவ்வளவு தெளிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கும் அதைத்தான் மாதிரியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். முதல்நாளே ஒரு விதியும் சொல்லியிருப்பார்கள்: பக்கவாட்டில் இருப்பதை அடையாளமாக எழுதாதே, எதிரே தெரிவதை எழுது. அது என் கண்டுபிடிப்பு. பதிப்பகக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்த விதி.

அது எப்படிக் கிடைத்தது என்று இதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. ஒரு நண்பரின் பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் பின்னாலேயே நடந்துகொண்டு, அது தெரியாமல், என் வாக்கியங்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் படிக்கிற தெளிவு அப்படி வந்ததுதான்.

நண்பர் பெயர் முனிரத்தினம். சாந்திபுரத்துக்காரர். திருப்பதியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டில் உட்கார மாட்டார், எங்கேயாவது நடக்க வேண்டும். என்னைவிட ரெண்டு வயது பெரியவர் என்பதால் எழுதும்போது மரியாதையாக எழுதுகிறேன். நேரில் நான் அவரை “வாத்தியாரே, நீ” என்பேன். அவர் என்னை “யோவ் ரைட்டரு” என்பார், பிரியம் வந்தால் “நைனா”. எனக்கு ஊமை நடை நடந்து கொடுத்தவர் அவர்தான்.

ஊமை நடை பற்றி இதற்குள் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களோ என்னவோ. நம் வேலையில் எழுதினவன் கண்ணை நம்பக்கூடாது. அவனுக்கு வழி தெரியும், அதனால் எழுத்தில் ஓட்டை இருந்தாலும் அவனுக்குத் தெரியாது. எழுதின காகிதத்தை, அந்த வழியை முன்னே பின்னே பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்து நடக்கவிட வேண்டும். அவர் யாரையும் கேட்கக் கூடாது, போனில் மேப் பார்க்கக் கூடாது. எழுதினவன் ஒரு கூப்பிடு தூரம் தள்ளிப் பின்னால் வர வேண்டும். கிழக்கே போகச் சொன்ன இடத்தில் அவர் மேற்கே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே தவறினார் என்று பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். “புத்தகம் வாங்கிட்டுப் போறவங்க பின்னாடியெல்லாம் நீங்க ஓடிப்போய்க் கத்த முடியாதுல்ல” என்று கேட்டார் பதிப்பாசிரியர் அம்மா. அவர் போட்ட சட்டம் இதுதான்: நடக்கிறவர் வழி தவறினால் அது எழுதினவர் தப்பு, நடக்கிறவர்மேல் ஒருநாளும் தப்பு கிடையாது.

நல்ல சட்டம். அதை நான் பிரேம் போட்டு மாட்டாத குறை. என் கதையில் வில்லன் யாராவது இருந்தால் அது அந்தச் சட்டம் இல்லை, அதைப் பிடித்துத் தொங்கிய ஆள்.

எனக்கு ஊமையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். கோயில் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவரிடம் மூன்று ஜோக் சொல்லிவிடுகிற ஜென்மம் நான். முதல் ஊமை நடை திருச்சானூரில். குளத்தங்கரையில் ஆரம்பித்து, லாட்ஜுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் சுற்றி, மறுபடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வருகிற வழி. முனிரத்தினம் காகிதத்தைப் படித்துப் படித்துப் போகிறார். நான் தூண் மறைவிலும் ஆட்டோ மறைவிலும் நின்று நின்று பின்னால் போகிறேன். எனக்கே நான் பிக்பாக்கெட் மாதிரிதான் தெரிந்தேன். பூ விற்கிற அம்மா ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. முனிரத்தினம் காதில் விழும்படி தெலுங்கில், “அன்னா, எவடோ மீ வெனகாலே வஸ்துன்னாடு” என்று சொல்லிவிட்டார். யாரோ உங்க பின்னாலேயே வர்றான், ஜாக்கிரதை என்று. இவர் திரும்பியே பார்க்கவில்லை. நடந்துகொண்டே, “தெரியும்மா, அந்த லாட்ஜு போர்டுக்குப் பின்னால நின்னுக்கினு இருக்கான். பாவம், உட்ருங்க” என்றார்.

ஓரக்கண்ணில் என்னைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அவர் ஒரு திருப்பத்தையும் விடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் சித்தூர். கடைத்தெரு வழியாகப் பழைய வீடுகள் இருக்கும் தெருவுக்குப் போகிற வழி. “இடதுபக்கம் பாத்திரக் கடைக்கு அடுத்த சந்தில் திரும்பவும்” என்று எழுதியிருந்தேன். அவர் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தார். கடைத்தெரு தீர்ந்து, மெயின் ரோடு வந்து, லாரி ஒன்று ஆரன் அடித்து நிறுத்தியபிறகுதான் நின்று காகிதத்தைப் புரட்டினார். எழுத்தை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு அதைவிட அவமானம் உண்டா? ராத்திரி உட்கார்ந்து அந்த வாக்கியத்தை உடைத்துப் போட்டேன். பாத்திரக் கடையைத் தூக்கிவிட்டு, “நேர் எதிரே தண்ணீர்த் தொட்டி தெரியும். அது தெரிந்தவுடன் நில்லுங்கள். நிற்கிற இடத்தில்தான் சந்து” என்று எழுதினேன். ஒரு கூலி ஆளை வைத்து நடக்கவிட்டுப் பார்த்தேன். கச்சிதமாகத் திரும்பினார்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னொரு புது ஆளிடம் பழைய காகிதத்தையும் ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தியது சரியாக இருக்கிறது, அதனால் முன்னால் எழுதினது தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். அதுதான் சட்டம் ஆயிற்றே.

அதன்பிறகு இப்படியே போனது. இடதுபக்கப் படிக்கட்டு என்று எழுதினால் விட்டுவிடுவார். வலதுபக்கம் அரசமரம் என்றால் மரத்தைத் தாண்டிப் போய் மரத்தைத் தேடுவார். எதிரே கோபுரம், எதிரே செல்போன் டவர், எதிரே பாறை என்று எழுதினால் ஒருநாளும் தவற மாட்டார். மெல்ல மெல்ல எனக்கு ஞானம் பிறந்தது. ஊர் சுற்ற வருகிறவன் எதிரே பார்த்துத்தான் நடக்கிறான், பக்கத்தில் இருப்பதை அவன் பார்ப்பதில்லை. இதை ஆசிரியர் அம்மாவிடம் சொன்னேன். “எவ்வளவு எளிமையா புடிச்சிட்டீங்க” என்றார். நான் அந்தச் சந்தோஷத்தில் ரெண்டு நாள் வீட்டில் யாரிடமும் கோபப்படவில்லை. விதி பிறந்த கதை இதுதான்.

சரி, எழுத்தை விடுங்கள். நான் கண் உள்ள மனிதன்தானே? வேறு எதுவுமா தெரியவில்லை? தெரிந்தது. ஒவ்வொன்றையும் ஜோக் ஆக்கினேன்.

டீக்கடையில் பக்கத்தில் வைத்த கிளாஸைத் தட்டிவிடுவார். “வாத்தியாருக்குப் பூமாதேவிக்கு ஒரு வாய் ஊத்தாம டீ எறங்காது” என்பேன். கடைக்காரரே சிரிப்பார். ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினார். பெட்ரோல் விலை என்று அவர் சொன்னார். கஞ்சத்தனம் என்று நான் சொன்னேன். தெருவில் யார்மேலாவது இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். “கணக்கு வாத்தியார், குறுக்கே வர்றவங்களைக் கழிச்சிட்டுப் போறார்” என்பேன். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டால் அந்த விஷயம் முடிந்தது. ஒரு விஷயத்தை மறைக்க வேண்டுமானால் பூட்டி வைக்க வேண்டாம், அதை வைத்து நாலு பேரைச் சிரிக்க வைத்தால் போதும். அப்புறம் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். நான் இதைத் தெரிந்து செய்யவில்லை. பிறவி வழக்கம்.

சந்திரகிரிக் கோட்டைக்குப் பின்னால் ஒரு ஊமை நடை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் குறும்பு. ஒரு கூப்பிடு தூரம் என்பதை மீறி, அவருக்குக் கிட்டத்தில், ஏறக்குறைய தோளுக்குத் தோளாக, அரையடி மட்டும் பின்தங்கி நடந்து பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை. காகிதத்தைப் படிப்பதும் எதிரே பார்ப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தார். திருச்சானூரில் லாட்ஜு போர்டுக்குப் பின்னால் இருந்தவனைப் பிடித்த மனிதர், பக்கத்தில் நடக்கிறவனைப் பார்க்கவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பூனை மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று முழுக்க என் பாதங்களை நினைத்து எனக்குப் பெருமை.

இப்போது குடுபல்லி.

குப்பம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கிற ஊர் அது. ஏரிக்கரையில் இறங்கி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே வரப்பில் நடந்து, இடதுபக்கம் வாய்க்கால்மேல் போட்டிருக்கும் கல்பலகையைத் தாண்டினால் ஒரு நடுகல் இருக்கிறது. வாளோடு ஒருவன் நிற்கிறான், முகம் தேய்ந்துவிட்டது. அதைக் காட்டுவதற்குத்தான் அந்த வழி. கல்பலகை ஒரு கயிற்றுக் கட்டில் அகலம். இதையும் ஒருவர் விடுவாரா என்று, என் விதியை நானே மீறி, இடதுபக்கம் என்றே எழுதியிருந்தேன்.

அன்றைக்கு என் மனசு முழுக்க யானை. காட்டிலிருந்து யானை இறங்கிவந்து கேழ்வரகுக் கொல்லையைத் துவம்சம் பண்ணிவிட்டுப் போன கதையை டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவர் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்டவன் நான். அதற்குப் பிறகு எனக்குப் பாறையெல்லாம் யானை. குப்பம் பக்கத்தில் பாறைக்குப் பஞ்சமா? ஒரு மல்பெரித் தோட்டத்தில் ஏதோ அசைந்தபோது நான் வரப்பில் குப்புறப் படுத்தே விட்டேன். எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்காகத் தான் வெட்கப்பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முனிரத்தினம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கல்பலகை வந்தது. அவர் திரும்பவில்லை. போச்சு, இதுவும் தேறவில்லை என்று நினைத்தேன். அப்போதே மனசுக்குள் புது வாக்கியம் கட்ட ஆரம்பித்துவிட்டேன். ‘எதிரே ரெட்டைப் பனை தெரிந்தால் நீங்கள் தாண்டிவிட்டீர்கள்’ என்று போடலாமா, ‘தெரிவதற்கு முன்’ என்று போடலாமா? வாக்கியம் அழகாக வந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தினேன்.

கல்பலகையைத் தாண்டிய வரப்பு ஒரு பழைய பாசனக் கிணற்றின் ஓரமாகப் போகிறது. போர்வெல் வந்தபிறகு அதை யாரும் சீந்தவில்லை. சுற்றுச்சுவர் சரிந்து, வரப்பும் கிணற்றின் வாயும் ஒட்டிக் கிடந்தன. இடதுபக்கம். வலதுபக்கம் வேலிமுள் வரப்புமேல் சாய்ந்திருந்தது. அவர் முள்ளுக்கு ஒதுங்கி ஒதுங்கி இடதுபக்கமாகவே போய்க்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் தைரியசாலிகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில், அவர் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பட்டப்பகலில் ஒரு மனிதன் கிணற்றையா பார்க்க மாட்டான்? அப்புறம், கூப்பிட்டால் நடை கெட்டுவிடும், வேறு ஆளைத் தேடிக் கூட்டிக்கொண்டு மறுபடி குடுபல்லிக்கு வர வேண்டும், ஆசிரியர் அம்மா காரணம் கேட்பார் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எனக்கு நேரம் இருந்தது பாருங்கள். அந்த நேரத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார்.

அவருடைய இடதுகால் செருப்பு பாதி மண்ணிலும் பாதி வெறும் காற்றிலும் இறங்கியது. கொஞ்சம் மண் பெயர்ந்து, எங்கேயோ கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். கிணறு என்று கத்த வேண்டும். கிணறு என்றுதான் நினைத்தேன். வாயில் வந்தது யானை. “யானை, யானை” என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பிளாஸ்டிக் கிரேட்டுகளைப் போட்டுவிட்டு ஏரிக்கரையைப் பார்த்து ஓடினார்கள். கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. யானை எந்தப் பக்கம் என்று தெரியாமல் முனிரத்தினம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, நான் எழுதிய காகிதத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டார். நான் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. முழங்காலில் ரத்தம் வந்ததைப் பார்த்தால் நடுவில் எங்கேயோ விழுந்திருக்கிறேன்.

“எங்க யானை?” என்றார்.

“யானை இல்ல வாத்தியாரே. கிணறு.”

“எந்தக் கிணறு?”

அவருடைய இடது கை அதன் விளிம்பில் ஊன்றியிருந்தது. நான் அவர் முகத்தைப் பிடித்து இடதுபக்கமாகத் திருப்பினேன். பார்த்தார். வலது கையால் வரப்புப் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். “இது எப்ப வந்துச்சி இங்க?” என்று கேட்டார்.

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு நான் பத்து ஜோக் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. அவரைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, எதிரே தெரிந்த ரெட்டைப் பனையையே பார்க்கச் சொன்னேன். என் கையை அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் நீட்டி விரலை ஆட்டினேன். தெரியுதா என்றேன். எது என்றார். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்குக்கு நேராக வரப்போகும்போதுதான், “ஆங், கை” என்றார். வலதுபக்கமும் அப்படியே, கொஞ்சம் தேவலை. அவர் சிரித்தார். நான் ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குள் அந்தப் பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு கிரேட் தக்காளி நசுங்கிப் போயிருந்தது. யானையைக் காட்டுய்யா என்று ஒருத்தி மல்லுக்கு நின்றாள். நான்தாம்மா அது என்றேன். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறித் திட்டினாள். திட்டு வாங்குவது அப்போது எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது.

அடுத்த நாளே திருப்பதியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலுக்கட்டாயமாகத்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல வேண்டுமே என்று முனகிக்கொண்டே வந்தார். ஒரு இருட்டு அறையில் உட்கார வைத்து, மெஷினுக்குள் பார்க்கச் சொல்லி, அங்கங்கே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அமுக்கச் சொல்கிற டெஸ்ட் எடுத்தார்கள். வெளியே வந்தவர் உற்சாகமாக இருந்தார். “வெளையாட்டு மாதிரிதான் இருந்துச்சி. ஆனா லைட்டு ரொம்ப கம்மியாத்தான் உட்டாங்கப்பா” என்றார்.

எல்லோருக்கும் விடுகிற அளவுதான் விட்டிருந்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு வாடிக்கொண்டே வந்திருக்கிறது, வலி கிலி இல்லாமல் ஓரத்திலிருந்துதான் பிடிக்கும், அதனால் ஆளுக்குத் தெரியாது, பார்வை போன இடத்தை மூளையே நிரப்பி, தெரிவதுபோல் காட்டிவிடும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். சொட்டு மருந்து போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். போனது போனதுதான். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார்.

“ரெண்டு மாசம் இருக்கும்மா” என்றார் முனிரத்தினம்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அறையில் சரியான பதில் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். எந்தெந்த ஊரில், எந்தத் திருப்பத்தில், எவ்வளவு அகலமான சந்தை அவர் பார்க்கவில்லை என்று அவனால் வரிசையாகச் சொல்ல முடியும். அவன் அதையெல்லாம் தன் எழுத்தின் குறைகள் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

“ரெண்டு வருஷம் டாக்டர்” என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அப்போதே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டார். முனிரத்தினம் என்னைப் பார்ப்பதற்காக உடம்பு முழுவதையும் நாற்காலியில் திருப்பினார்.

ஆசிரியர் அம்மாவுக்குப் போன் செய்தேன். எழுந்து நின்றுதான் பேசினேன். அவர் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்றுதான் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். “நாம ரெண்டு பேரும் வாக்கியத்தை மட்டுமே பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்” என்றார். அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். நிறுத்தி என்ன ஆகப்போகிறது, யாருக்குக் கண் திரும்பி வரப்போகிறது என்றார். புத்தகம் வந்தது. விற்றது. குடுபல்லி வழியை மட்டும் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதில் ஒரு கிணறு இருக்கிறது என்று காரணம் சொன்னேன்.

முனிரத்தினம் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தார். ரெண்டு ஓரத்து பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் விஷயத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போதும். எனக்கு ரெண்டு வருஷம் போதவில்லை. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறார், எல்லோரையும் நேர் எதிரே ஒரே வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு. நான் அந்தப் புத்தகத்தோடு இந்த வேலையை விட்டேன். முட்டி வலி என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த எதிரே பார்க்கும் விதியை நீங்கள் தூக்கிப் போட வேண்டாம். நல்ல விதிதான், வாசகருக்கு உதவுகிறது. ஊமை நடையையும் விட வேண்டாம். ஆனால் நடந்து முடித்தபிறகு ஊமையாக இருக்காதீர்கள். நடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தில் ஏன் திரும்பவில்லை, உங்களுக்கு என்ன தெரிந்தது என்று கேளுங்கள். ஒரே ஆள் மூன்றாவது தடவை தவறினால் பேனாவை மூடிவிட்டு, அந்த ஆளைப் பாருங்கள். இதைக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்காததற்குக் காரணம் வேறு. கேட்டால், “நீ எழுதினது புரியல” என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். யானைக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று, சொட்டு மருந்துப் பொட்டலத்தோடு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் கிளாஸைக் கீழே வைக்காமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார் போல.

“ரெண்டு வருஷம்னு எப்டி சொன்ன?” என்று கேட்டார்.

“நீ திரும்பாம போன எடமெல்லாம் எனுக்கு ஞாபகம் இருக்குது வாத்தியாரே.”

“அப்ப ஏன் ஒரு தபா கூட கேக்கல?”

“என் எழுத்து சரியில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை எங்கே வைப்பது என்று தேடினார். நான் வாங்கி வைத்தேன்.

“இல்ல நைனா” என்றார். “நீ மொதல்லயே நல்லாத்தான் எழுதியிருந்த.”